சீனாவின் பழங்கால அரச வம்சங்களில் உங்கள் மனத்தில் தங்கியது எது? அது இன்றைக்கு விட்டுச்சென்றது என்ன?

ஷாங் வம்சம்.

பெருஞ்சுவர், சுடுமண் படை, பட்டுப் பாதை என்று சீனாவைப் பற்றி நாம் முதலில் கேள்விப்படுகிறவை எல்லாம் இதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. ஷாங் ஆட்சி ஏறத்தாழ கி.மு. 1600இல் தொடங்கி கி.மு. 1046 வாக்கில் முடிந்தது. அதன் கடைசித் தலைநகரம் இன்றைய ஹெனான் மாகாணத்தில், ஆன்யாங் நகரை ஒட்டி, ஹுவான் ஆற்றங்கரையில் இருந்தது. எனக்கு அந்த வம்சம் பழக்கமானது ஒரு ஆமை ஓட்டின் வழியாக. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அந்த ஓட்டில் இருப்பது ஒரு பிரசவச் செய்தி. அரசர் வூ டிங்கின் மனைவி ஃபூ ஹாவ் நிறைமாதக் கர்ப்பிணி. கி.மு. 1200ஐ ஒட்டிய காலம். "ஃபூ ஹாவுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறக்குமா?" என்று முன்னோர்களிடம் குறி கேட்கிறார்கள்.

குறி கேட்கும் முறை இதுதான். ஆமையின் அடிவயிற்று ஓட்டைச் சுத்தம் செய்து, இழைத்து வழவழப்பாக்குவார்கள். பின்பக்கம் வரிசையாகக் குழிகள் குடைவார்கள். அந்தக் குழியில் சூடு வைத்ததும் முன்பக்கம் படக்கென்று விரிசல் விடும். நெட்டாக ஒரு கோடு, அதன் இடுப்பிலிருந்து பக்கவாட்டில் ஒரு குட்டிக் கோடு. விரிசலின் அந்த உருவமேதான் இன்றும் சீனத்தில் 'குறி கேட்டல்' என்பதற்கான எழுத்து. அதை இன்று 'பு' என்று உச்சரிக்கிறார்கள். ஓடு வெடிக்கும் ஓசையிலிருந்தே அந்தச் சொல் வந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் இப்படியே செய்தார்கள். பெரும்பாலும் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பார்கள்: ஓட்டின் ஒரு பக்கம் "நடக்கும்", மறுபக்கம் "நடக்காது". கோயிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

அரசர் விரிசலைப் படித்துச் சொல்கிறார்: டிங் என்று பெயருள்ள நாளில் பிறந்தால் நல்லது, கெங் என்ற நாளில் பிறந்தால் பெரும் மங்களம். பிறகு நடந்ததையும் அதே ஓட்டில் பொறித்திருக்கிறார்கள். முப்பத்தோராம் நாள், ஜியாயின் நாளில் பிரசவம். நல்லதில்லை. பெண்.

இதை நான் முதன்முதலில் படித்தபோது என் மகளுக்கு மூன்று மாதம். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், "பொண்ணா...?" என்று ஒரு உறவினர் இழுத்த இழுப்பு அப்போது காதிலேயே நின்றுகொண்டிருந்தது. மூவாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு ஓட்டில் அதே குரலைக் கேட்டதும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மறுநாள்தான் மேலே படிக்க முடிந்தது. அந்த வாரமே சீன எழுத்துகள் பழகத் தொடங்கினேன். ஆறு வருஷமாகிறது.

இந்த எலும்புகளில் அரசாங்க விவகாரம் மட்டும் இல்லை. அரசருக்குப் பல் வலி. எந்த முன்னோரின் கோபத்தால் வந்தது? நாளை மழை வருமா? விளைச்சல் எப்படி? வேட்டைக்குப் போகலாமா? வரும் பத்து நாளில் கேடு ஏதும் இல்லையே? இந்தக் கடைசிக் கேள்வியைப் பத்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வாரம் பத்து நாள். மாதத்தை மூன்று பத்துகளாகப் பிரித்து, முதல் பத்து, நடுப் பத்து, கடைப் பத்து என்று சொல்லும் வழக்கம் சீனத்தில் இப்போதும் அன்றாடம் புழங்குகிறது. ஜியாயின் போன்ற பெயர்களால் ஆன அறுபது நாள் சுழற்சியும் சீனப் பஞ்சாங்கத்தில் இன்றும் இருக்கிறது.

ஆனால், இந்த வம்சம் இருந்ததற்கே நூற்றிருபது வருஷத்துக்கு முன்பு வரை நேரடிச் சான்று கையில் இல்லை. ஆன்யாங் பக்கத்து விவசாயிகள் நிலத்தில் கிடைத்த பழைய எலும்புகளை 'டிராகன் எலும்பு' என்று மருந்துக் கடைகளுக்கு விற்றுவந்தார்கள். அரைத்துப் பொடியாக்கிக் குடித்தும் விட்டார்கள். எத்தனை பிரசவமும் எத்தனை மழையும் அப்படிக் கரைந்துபோயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. 1899இல் பெய்ஜிங்கில் அரசுக் கல்விக்கழகத் தலைவராக இருந்த வாங் யிரொங், அந்த எலும்புகளில் இருப்பது பழைய எழுத்து என்று கண்டுகொண்டு அவற்றை வாங்கிச் சேர்த்தார். மறு வருஷமே அந்நியப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். 1917இல் வாங் குவோவெய் என்ற அறிஞர், எலும்புகளில் உள்ள அரசர் பெயர்களை, கி.மு. 100 வாக்கில் வரலாற்றாசிரியர் ஸிமா சியென் எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிட்டார். பெரும்பாலும் பொருந்தியது. கட்டுக்கதை என்று பலர் தள்ளிவைத்திருந்த வம்சம் அதோடு வரலாறாயிற்று. 1928இல் முறையான அகழாய்வு தொடங்கியது.

வெண்கலத்தைச் சொல்லாமல் விட முடியாது. 832.84 கிலோ எடையுள்ள ஒரு நாற்கால் பாத்திரம் இப்போது பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1939இல் தோண்டியெடுத்த கிராமத்தார், ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று மறுபடி மண்ணில் புதைத்துக் காத்தார்கள். கலையைப் பேசுகிறவர்கள் வெண்கலத்திலிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு எழுத்துதான் பெரிது. இன்றைய சீன எழுத்துமுறைக்கு நேர் மூதாதை இந்தக் கீறல்கள். வானக் கோட்டின் கீழே துளிகள்: மழை. இரண்டு மரம் பக்கத்தில் பக்கத்தில்: காடு. கூரைக்கடியில் பன்றி: வீடு. கத்தியால் கெட்டி எலும்பில் வளைவு கீறுவது கடினம் என்பதால் வட்டச் சூரியன்கூடப் பல எலும்புகளில் கட்டம் போல் ஆகிவிட்டது. இன்றும் சீனத்தில் சூரியன் கட்டம்தான். அதை எழுதிப் பழகும்போதெல்லாம் அந்தக் கத்தி பிடித்த கை என் நினைவுக்கு வரும்.

ஷாங் காலத்தை வியந்து பேசிவிட்டு நரபலியை மறைப்பது நேர்மையாகாது. எலும்புகளில் குறிக்கப்பட்ட நரபலிகள் மட்டும் 13,000க்கும் மேல். போரில் பிடிபட்ட சியாங் என்ற அண்டை இனத்து மக்கள் அதில் ஏராளம். மழை வருமா என்று கேட்ட அதே நிதானமான கையெழுத்தில், இந்த முன்னோருக்கு எத்தனை பேரை வெட்டிக் கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறார்கள். முன்னோர் வழிபாடு சீன வாழ்வில் இன்றுவரை தொடர்கிறது. கல்லறைக்குப் போய்ப் படையலிடுகிறார்கள். அதன் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இவ்வளவு ரத்தம் இருக்கிறது.

ஃபூ ஹாவுக்கு வருகிறேன். அவர் கர்ப்பிணியாக மட்டும் எலும்புகளில் வரவில்லை. படை நடத்தியிருக்கிறார், ஒரு குறிப்பில் அவருக்காகத் திரட்டிய 13,000 வீரர்களின் கணக்கு இருக்கிறது. சடங்குகளை முன்னின்று செய்திருக்கிறார். 1976இல் தொல்லியலாளர் ஜெங் ஜென்ஷியாங், அவரும் ஒரு பெண், தன் குழுவோடு அவருடைய கல்லறையைக் கண்டுபிடித்தார். அரச கல்லறைகளைத் திருடர்கள் எப்போதோ சூறையாடிவிட்டார்கள். அவற்றிலிருந்து தள்ளி, அரண்மனைப் பகுதியில் சிறிய குழியாக இருந்ததால் இது மட்டும் தப்பியது. 468 வெண்கலப் பொருள்கள், 755 ஜேட் கற்பொருள்கள், ஏழாயிரத்தை நெருங்கும் சோழிகள், ஏறத்தாழ 500 எலும்புக் கொண்டை ஊசிகள். கூடவே பலியான 16 பேர், 6 நாய்கள். புலிகள் இரண்டு பக்கமும் நின்று ஒரு மனிதத் தலையைக் கவ்வும் உருவம் கொண்ட போர்க்கோடரி ஒன்றும் கிடைத்தது. எடை 9 கிலோ.

வெண்கலப் பாத்திரங்களில் அவர் பெயரை வார்த்திருக்கிறார்கள். 'ஹாவ்' என்பது ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் சேர்ந்த எழுத்து. 'நீ ஹாவ்' என்று வணக்கம் சொல்கிறார்களே, அதில் வரும் 'ஹாவ்' அதே எழுத்துதான். என் மகளுக்கு நான் முதலில் எழுதக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கல்லறைப் பொருள்கள் பெய்ஜிங்கிலும் ஆன்யாங்கிலும் இருக்கின்றன. ஆன்யாங்கில் 2024இல் புதிய அருங்காட்சியகக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். அந்தப் பிரசவ ஓடு அங்கே கிடைக்காது. 1936இல் ஒரே குழியில் கிடைத்த 17,000க்கும் அதிகமான துண்டுகளோடு அது நான்ஜிங்குக்குப் போய், உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் தைவான் சேர்ந்தது. தாயின் கொண்டை ஊசிகள் கடலுக்கு இந்தப் பக்கம், மகள் பிறந்த செய்தி அந்தப் பக்கம், தைபேயில்.