வாசகர் கேள்வி பதில்: ஒரே பெயரில் பல நீலங்கள்

கேள்வி: கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் கத்தி, கையுறை, ஏகே-47 ஆகிய மூன்றையும் நீல நிறத்தில் ஒன்றோடொன்று பொருந்தும்படி சேகரிக்க விரும்புகிறேன். 'கேஸ் ஹார்டன்டு' என்ற ஒரே பெயரில் விற்பனைக்கு வரும் இரண்டு ஏகே-47 ஸ்கின்களில் (பொருளின் தோற்றத்தை மாற்றும் அலங்காரங்களில்) ஒன்றின் விலை மற்றதைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது ஏன்? சேகரிப்பை எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பெயரைத் தவிர ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் இரண்டு எண்கள் உண்டு. அவற்றைப் பார்க்காமல் விலையையும் புரிந்துகொள்ள முடியாது, நிறத்தையும் பொருத்த முடியாது. முதலாவது பேட்டர்ன் எண். கேஸ் ஹார்டன்டு என்பது சூடேற்றிப் பதப்படுத்திய எஃகில் தோன்றும் நீலம், ஊதா, பொன்மஞ்சள் திட்டுகளைப் போல உருவாக்கப்பட்ட ஒரு பெரிய படம்; அதன் எந்தப் பகுதி துப்பாக்கியின் மேல் வந்து அமைய வேண்டும் என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. ஏறத்தாழ ஆயிரம் எண்களில் பெரும்பாலானவற்றில் பல நிறங்களும் கலந்தே கிடக்க, 661 போன்ற மிகச் சிலவற்றில் மட்டும் துப்பாக்கியின் மேற்பகுதி கிட்டத்தட்ட முழு நீலமாக அமைகிறது. சேகரிப்பாளர்கள் 'புளூ ஜெம்' என்று அழைப்பதும், பெரும் விலை கொடுத்து வாங்குவதும் இவற்றைத்தான்.

இரண்டாவது, 0 முதல் 1 வரை செல்லும் ஃப்ளோட் எனப்படும் தேய்மான எண். 0.07 வரை ஃபேக்டரி நியூ, அதற்கு மேல் 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்ட் டெஸ்டட் என்று பெயர்கள் மாறிக்கொண்டே போகும். கேஸ் ஹார்டன்டு வகையில் இந்த எண் கூடக்கூட நீலம் மங்கி இருண்டுவிடும் என்பதால், பேட்டர்ன் நன்றாக இருந்தாலும் ஃப்ளோட்டைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கையுறையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. எந்த ஆயுதத்தை ஏந்தினாலும் கையுறை திரையில் இருந்துகொண்டே இருக்கும். அதோடு, தேர்வுக்கு மிகக் குறைவான இடமளிப்பதும் அதுதான். கையுறைகளின் ஃப்ளோட் 0.06-இல் தொடங்கி 0.80-இல் முடிகிறது. ஆகவே ஃபேக்டரி நியூ கையுறை என்றால் 0.06-க்கும் 0.07-க்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளிக்குள் விழுந்தது என்று பொருள். அந்தப் பெயருக்காக மட்டுமே விலை உச்சத்துக்குப் போகிறது. 0.07-ஐச் சற்றே தாண்டிய மினிமல் வேர் கையுறைக்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஏதும் இல்லை. நீலமும் வெள்ளையும் கலந்த 'சூப்பர்கண்டக்டர்' கையுறையை இந்த எல்லையோரத்தில் தேடினால், மிச்சமாகும் தொகையைத் துப்பாக்கிக்குச் செலவிடலாம்.

கத்திக்கு 'டாப்ளர்' என்ற ஸ்கின் ஏற்றது. அதன் ஃப்ளோட் 0.08-ஐத் தாண்டாது என்பதால் கீறல்களைப் பற்றிய கவலை தேவையில்லை. ஆனால் ஃபேஸ் எனப்படும் அதன் நான்கு நிற வகைகளும், விளையாட்டுப் பொருள்கள் விற்கப்படும் ஸ்டீம் மார்க்கெட்டில் ஒரே பெயரில்தான் பட்டியலிடப்படுகின்றன. உங்களுக்குத் தேவையான நீலம் ஃபேஸ் 4-இல் இருக்கிறது, ஃபேஸ் 2 இளஞ்சிவப்பை நோக்கிச் செல்வது. முழு நீலமான 'சஃபையர்' கிடைத்தால் அதற்கு ஈடில்லை, ஆனால் அதன் விலை வேறொரு உயரத்தில் இருக்கிறது.

ஏகே-47-ஐக் கடைசியாக வாங்குங்கள். 661-ஐத் துரத்த வேண்டியதில்லை. விளையாடும்போது உங்கள் பார்வைக்கு வரும் பக்கத்தில் நீலம் ஓரளவு தேங்கி நிற்கும் பேட்டர்ன்கள் பல உண்டு. எதை வாங்குவதானாலும் விளையாட்டுக்குள் 'இன்ஸ்பெக்ட்' செய்து பாருங்கள். 2023 செப்டம்பரில் புதிய பதிப்பு வந்தபோது ஒளியமைப்பே மாறிவிட்டதால், அதற்கு முந்தைய படங்களில் தெரியும் நீலத்தை நம்பக் கூடாது.

கேள்வி: தொடர்ந்து பயன்படுத்தினால் ஸ்கின் தேயுமா?

பதில்: தேயாது. உருவான கணத்தில் அமைந்த ஃப்ளோட் கடைசிவரை மாறாது.

கேள்வி: சாவி வாங்கித் திறக்க வேண்டிய, உள்ளே என்ன வரும் என்று தெரியாத பெட்டிகளான கேஸ்களைத் திறந்தே கத்தியைப் பெற முயலலாமா?

பதில்: வேண்டாம். சீனச் சட்டத்தின்படி 2017-இல் அங்கு வெளியிடப்பட்ட வாய்ப்பு விகிதங்களின்படி, கத்தி, கையுறை போன்ற அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு 0.26 சதவீதம், அதாவது சராசரியாக 385 கேஸ்களுக்கு ஒன்று. சாவி ஒன்று 2.49 டாலர் என்று வைத்துக்கொண்டால், சாவிகளுக்கு மட்டுமே 950 டாலருக்கு மேல் போய்விடும், அப்போதும் எந்தக் கத்தி, எந்த ஃபேஸ், எந்த ஃப்ளோட் என்பது உங்கள் கையில் இல்லை. நிறம் பொருந்த வேண்டும் என்று விரும்புபவர், தாம் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்த பொருளை நேரடியாக வாங்குவதே முறை.

முதலீடாகவும் இதைக் கருத வேண்டாம். 2025 அக்டோபரில், சிவப்பு நிறத்தால் குறிக்கப்படும் உயர் தரத்தில் உள்ள ஐந்து பொருள்களைக் கொடுத்து ஒரு கத்தியையோ கையுறையையோ பெறலாம் என்று விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் விதியை மாற்றியதும், பல கத்திகளின் விலை சில மணி நேரங்களில் சரிந்தது. சேமிப்புப் பணத்தை இதில் போட்டிருந்தவர்களுக்கு அது பேரிழப்பு. பிடித்த நீலத்துக்காக வாங்கியவர்களின் கத்தியோ அதே நீலத்தில்தான் இருந்தது.