உண்ணிக் காய்ச்சல்: ரத்தத்தில் கிருமியைத் தேடுவது எப்படி?

நாய்களுக்கு உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா நோய் (உண்ணிக் காய்ச்சல்) பற்றிய கேள்விகளுக்கு, ஆய்வகத்தில் பணிபுரியும் கால்நடை மருத்துவரின் பதில்கள்.

டாக்டர், எங்கள் லேப்ரடாருக்குக் காய்ச்சல். ரத்தம் உறைய உதவும் தட்டணு 60,000தான் இருக்கிறது. ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) கிருமி இல்லை என்கிறார்கள். அப்போ உண்ணிக் காய்ச்சல் இல்லைதானே?

அப்படி முடிவு கட்டாதீர்கள். எர்லிக்கியா கேனிஸ் என்ற இந்த பாக்டீரியா, மோனோசைட் என்னும் வெள்ளணுவுக்குள் கொத்தாக வளரும். அந்தக் கொத்துக்கு மொருலா என்று பெயர். நோய் உறுதியான நாய்களிலேயே நூற்றுக்கு நான்கு அளவில்தான் ஸ்மியரில் அது கண்ணில் படும். அதுவும் பெரும்பாலும் நோயின் தொடக்க நாட்களில். ரத்தத்தைச் சுழற்றி, வெள்ளணு படியும் மெல்லிய அடுக்கிலிருந்து ஸ்மியர் போட்டால் வாய்ப்பு கூடும். பார்த்தால் உறுதி, பார்க்காவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. அப்புறம், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் மெஷின் குறைவாகக் காட்டும். ஸ்மியரில் அதையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

கிட் டெஸ்டில் பாசிட்டிவ். ஆனால் நாய் ஓடியாடி விளையாடுது. மருந்து கொடுக்கணுமா சார்?

கிட் காட்டுவது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை, கிருமியை அல்ல. நோய் போன பிறகும் அது மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் வெளியே தெரியாமல் கிருமியைச் சுமக்கும் நாய்களும் உண்டு. ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) செய்து முடிவெடுங்கள். கிட்டில் பாசிட்டிவ் கோடு தெரிவதை மட்டும் பார்த்து மாத்திரை எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

இதற்கான ஆன்டிபயாடிக் டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சு ஐந்து நாள் ஆச்சு. இப்போ பிசிஆருக்கு ரத்தம் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் நெகட்டிவ் வந்தால் நம்ப முடியாது. ரத்தத்தை முதல் வேளை மருந்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்: ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில், ஐஸ் பேக்கோடு, ஆனால் பனிக்கட்டியாக உறையவிடாமல். நாள்பட்ட நோயில் ரத்தத்தில் கிருமி குறைந்துவிடும். அப்போது மண்ணீரலிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்த மாதிரி உதவும். தொடங்கிய மருந்தை டெஸ்டுக்காக நிறுத்தாதீர்கள். வழக்கமாக 28 நாள் கொடுப்பது.

நான் நுண்ணுயிரியல் மாணவி. பாக்டீரியா வளர்க்கும் பிளட் அகார் தட்டில் போட்டால் இந்தக் கிருமி வளராதா?

வளராது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் இனம் இது. டிஹெச்82 என்ற, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் நாய் மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் ஒருவகை செல்) செல் வரிசையில் நோய் நாயின் வெள்ளணுக்களைச் சேர்த்து வளர்ப்பார்கள். செல் வளரும் ஊடகத்தில் டாக்ஸிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகை மருந்து துளியும் கூடாது. சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் செல்லை எடுத்து, ஜீம்சா சாயம் போட்டு மொருலா தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் தெரியலாம், ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கலாம். பொறுமைதான் முக்கியமான ரசாயனம்! மொருலா தெரிந்ததும் வேலை முடியவில்லை. எர்லிக்கியாவின் மற்ற இனங்களும் ஒரே மாதிரி இருப்பதால், 16எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற, பாக்டீரியா இனத்தை அடையாளம் காண உதவும் மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்துத்தான் இனத்தைச் சொல்ல முடியும். இவ்வளவும் ஆராய்ச்சிக்கு. சிகிச்சைக்காக இதற்குக் காத்திருந்தால் நாய் தாங்காது.

1935இல் அல்ஜீரியாவில் டொனாட்டியன், லெஸ்டோக்வார் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கிருமியை முதலில் விவரித்தபோது ரிக்கெட்சியா கேனிஸ் என்று பெயரிட்டார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் இந்த நோயால் நூற்றுக்கணக்கில் இறந்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது.

தெரு நாய் ஒன்றுக்கு டாக்ஸி கொடுத்தும் ஈறு வெளுத்தே கிடக்கு. ஏன் டாக்டர்?

பேபீசியாவும் இருக்கலாம். அது பாக்டீரியா அல்ல, சிவப்பணுவுக்குள் வாழும் ஒரு செல் உயிரி. டாக்ஸி மட்டும் கொடுத்தால் போகாது. ஒரே நாயில் இரண்டும் சேர்ந்து இருப்பது நம் ஊரில் சாதாரணம். இதே ரத்தத்தில் பேபீசியாவுக்கும் பிசிஆர் கேளுங்கள். கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். மிகவும் குறைந்திருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.