40ஆம் பக்கத்தில் நின்றுபோன நாவல்

கேள்வி: எனக்கு வயது 44. மன்னார்குடியில் வீடு, திருவாரூரில் வேலை. போக வரப் பேருந்தில் நாவல் படிப்பேன். பெரும்பாலும் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மாத நாவல்கள்தான். எங்கள் ஊர் மாடித் தோட்டக்காரர்கள் 14 பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடி விதையும் பதியனும் மாற்றிக்கொள்வோம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடும்.

இரண்டு மாதம் முன்பு டீ குடிக்கும்போது ஓர் அக்கா, "பையில என்ன புத்தகம், இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார். பையில் இருந்தது மாத நாவல். வாயில் வந்தது வேறு. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் படித்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிற ஒரு பெரிய நாவலின் பெயரைச் சொல்லிவிட்டேன். அது வீட்டில் இருக்கிறது. 40ஆம் பக்கத்தில் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. அந்த அக்காவுக்கோ அது உயிரான புத்தகமாம். அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம், "எந்த இடத்துல இருக்கீங்க?" என்கிறார். போன ஞாயிறு கூட்டத்துக்கே நான் போகவில்லை.

அதற்கு நடுவில் ஒரு நாள் தைரியம் வந்து, நிஜமாகப் படித்துக்கொண்டிருந்த நாவலின் அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். குழுவை நடத்துகிற அண்ணன், "இது தோட்டக் குழு, தோட்டம் மட்டும் பேசுவோம்" என்று போட்டுவிட்டார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. படிப்பதை நண்பர்களிடம் சொல்ல ஆசைப்பட்டது தப்பா?

— பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்:

அன்புள்ள மன்னார்குடி வாசகிக்கு,

தப்பே இல்லை. முதலில் அந்தப் பொய்யைப் பார்ப்போம். அது இருக்கும்வரை வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போங்கள். அந்த அக்கா கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே ஆரம்பித்துவிடுங்கள்: "அக்கா, அந்த நாவல்ல 40ஆம் பக்கத்துலயே நிக்கிறேன். அன்னைக்கு நீங்க கேட்டப்போ பையில இருந்தது வேற புத்தகம், சொல்லக் கூச்சமா இருந்துச்சு." அவ்வளவுதான். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். அவர் கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. உயிரான புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு அதைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும். "ஏன் 40லயே நின்னுட்டீங்க?" என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அலுப்பாக இருந்தது, ஆட்கள் யார் யார் என்று குழம்பியது, பேருந்து குலுக்கலில் அந்தச் சின்ன எழுத்து தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் சரி. படிப்பைப் பற்றி அவரோடு நீங்கள் பேசப்போகும் முதல் உண்மையான பேச்சு அதுவாக இருக்கும்.

சரி, இப்போது ஒரு விஷயம். படித்துக்கொண்டிருக்கிற நாவலைப் பற்றி எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தவிப்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அது உங்களுக்கு நன்றாகவே தெரியும் என்று படுகிறது. தோட்டத்தைப் பற்றித் தினமும் அப்படித்தானே பேசுகிறீர்கள்? கத்தரி பூ விட்டிருக்கிறது, பிஞ்சு நிற்காமல் உதிர்கிறது, வெண்டையில் அஸ்வினிப் பூச்சி ஏறிவிட்டது, புடலை போட்டு எட்டு நாள் ஆகியும் முளை காணோம். இதில் எதுவும் முடிந்த கதை இல்லை. காய் பறித்து எடை போட்ட பிறகுதான் குழுவில் சொல்வேன் என்று யாரும் இருப்பதில்லை. செத்துப்போன செடியைக்கூடப் படம் எடுத்துப் போட்டு, "இது ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்கிறோம். 14 பேரில் நாலு பேராவது பதில் சொல்வார்கள்.

நாவல் என்று வந்தவுடன் மட்டும் நமக்குப் பரீட்சை நினைப்பு வந்துவிடுகிறது. முழுக்க முடித்திருக்க வேண்டும், கருத்து வைத்திருக்க வேண்டும், ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துத் துணைப்பாடம் செய்த வேலை இது. அட்டையைப் படம் எடுத்துப் போட்டீர்களே, அதில் யாராவது என்ன பதில் சொல்ல முடியும்? விதைப் பொட்டலத்தைப் படம் எடுத்துப் போட்டாலும் கட்டைவிரல்தான் வரும். "மாமியார் வீட்டுக்கு வந்த முதல் நாளே கதாநாயகியைச் சாம்பார் வைக்கச் சொல்லிவிட்டார்கள், அவளுக்கு அடுப்பே பற்றவைக்கத் தெரியாது, 32ஆம் பக்கத்தில் இருக்கிறேன், திருவாரூர் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்" என்று போட்டுப் பாருங்கள். பக்க எண், நடந்துகொண்டிருக்கிற ஒரு சங்கதி, உங்களுக்கு எழுந்த ஒரு சந்தேகம் அல்லது எரிச்சல். இவ்வளவு போதும்.

முன்பெல்லாம் இந்தப் பேச்சு தானாகவே நடந்தது. அதற்குக் காரணம் அந்தக் காலத்து ஆட்கள் நம்மைவிட ரசனை உள்ளவர்கள் என்பதல்ல. 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தது. அந்த வாரத்து அத்தியாயம் வரைக்கும்தான் எல்லோருக்கும் தெரியும். கும்பகோணத்து வக்கீலும் வலங்கைமான் வாத்தியாரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் முந்த முடியாது, அடுத்து என்ன ஆகும் என்று திண்ணையில் உட்கார்ந்து ஊகிக்கத்தான் முடியும். அவ்வளவு பேரும் பாதி படித்த கதையைத்தான் நாலு வருஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். (அன்றைக்கே இலக்கிய விமர்சகர்கள் சிலர், வெறும் தொடர்கதை என்று கல்கியை ஒதுக்கினார்கள் என்பதையும் உங்கள் மாத நாவல் கூச்சத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.)

என் அத்தை வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து எடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார். நான் வளர்ந்ததே அந்த பைண்டு புத்தகங்களில்தான். ஒரு கதையில் இரண்டு வாரம் விட்டுப்போயிருந்தது. அந்த இரண்டு வாரத்துக் கதையைப் பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் கேட்டேன். மாமி சொன்னதில் ஒரு தீ விபத்தும், கதாநாயகனின் தாய்மாமன் கோர்ட்டில் மயங்கி விழுவதும் இருந்தன. பல வருஷம் கழித்து அதே கதை முழுப் புத்தகமாகக் கிடைத்தது. தீயும் இல்லை, தாய்மாமனே இல்லை. இன்றைக்கும் அந்தக் கதை எனக்கு மாமி சொன்ன மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது.

இப்போது ஆளுக்கொரு புத்தகம், ஒரே புத்தகமானாலும் ஆளுக்கொரு பக்கம். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் நமக்கு என்ன நடக்கிறது? கல்லணைக்குத் தண்ணீர் வந்து தலைமடையில் நாற்றங்கால் வேலை தொடங்கியிருக்கும், கடைமடைக்காரர்கள் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாவல் படிப்பவர்களும் அப்படித்தான். உங்கள் அக்கா அந்தப் பெரிய நாவலில் கடைமடை தாண்டிக் கடலுக்கே போய்விட்டார், நீங்கள் கல்லணை மதகில் நிற்கிறீர்கள். அதனால் பேசத் தொடங்கும்போதே, "நான் இந்த இடம் வரைக்கும்தான் வந்திருக்கேன், இதுக்கு மேல சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் முந்தியிருந்தால் எதிரில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிட்டு வாயைத் திறங்கள். யார் சாகிறார், யாரை யார் கட்டுகிறார் என்று சொல்லிவிட்டு, "ஐயோ, நீங்க அங்க வரலியா?" என்பவர்கள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் உட்காராமல் இருப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

மாத நாவலைப் பற்றிய கூச்சத்துக்கு வருகிறேன். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படுகிற பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில், அதாவது உங்கள் பக்கத்து மயிலாடுதுறையில், முன்சீப்பாக இருந்தவர். நீதி போதனை உண்டுதான். ஆனால் கிளைக்கதைக்கும் வேடிக்கைக்கும் அதில் குறைவே கிடையாது. நாவல் என்கிற சரக்கு நம் ஊருக்கு வந்தபோதே சிரித்துக்கொண்டுதான் வந்தது. அதைக் கை கட்டி நின்று படிக்க வேண்டும் என்பது பிறகு யாரோ சேர்த்தது.

இந்திய நூலகவியலின் தந்தை என்கிறார்களே, எஸ்.ஆர். ரங்கநாதன், அவர் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. நூலகர்களுக்குச் சொன்னது என்றாலும் உங்கள் மொட்டை மாடிக்கும் பொருந்துகிறது. இரண்டாவது விதிப்படி, அந்தப் பெரிய நாவல் இப்போதைக்கு உங்கள் புத்தகம் இல்லை, 50 வயதில் ஆகலாம், ஆகாமலும் போகலாம். மூன்றாவது விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் பையில் இருந்த மாத நாவலுக்கு உரிய இன்னொரு வாசகி அந்த 14 பேரில் இருக்கலாம். மாமனாருக்கு மருந்து கொடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் எதையாவது படித்தால் தேவலை என்று நினைக்கிற ஒருத்தி. நீங்கள் வேறு பெயரைச் சொன்னதால் அந்தப் புத்தகம் அவரிடம் போகவில்லை. அதே 1931 அக்டோபரில், உங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் மாடிப்படி ஏறும்போது பையைத் திறந்து காட்டினால் போதும்.

குழு அண்ணனைப் பற்றி. அவர் சொன்ன விதம் வெடுக்கென்று இருந்திருக்கலாம், விஷயம் நியாயம்தான். மாவுப்பூச்சிக்கு மருந்து கேட்டவரின் செய்தி நாவல் அட்டைக்குக் கீழே புதைந்துபோனால் அவருக்குத்தான் தொல்லை. அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அந்தக் குழுவில் தோட்டம் மட்டும் இருக்கட்டும். கூட்டத்தில் டீ நேரம் யாருடையதும் இல்லை, அதில் பேசுங்கள். இரண்டு மூன்று பேர் காது கொடுத்தால் தனியாக ஒரு சின்னக் குழு போட்டுக்கொள்ளுங்கள், மூன்று பேர் தாராளம். அண்ணனிடமும் ஒரு தடவை, "நீங்க ஏதாவது படிக்கிறீங்களா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். தோட்டம் மட்டும் என்று கறாராக இருப்பவர்கள் வீட்டு அலமாரியில் சாண்டில்யன் முழு வரிசையாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சின்னக் குழு தொடங்கிய மறுநாளே யாராவது ஸ்கேன் செய்த நாவல் கோப்புகளைக் கொட்டத் தொடங்குவார்கள். நாட்டுடைமையான நூல்கள் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே நிறையக் கிடைக்கின்றன, அவற்றின் இணைப்பைத் தாராளமாக அனுப்பலாம். இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் புத்தகத்தை அப்படி அனுப்புவது அடுத்தவர் வயலில் கதிர் அறுப்பது. மேலும், 200 கோப்பு வந்த பிறகு யாரும் எதையும் படிப்பதில்லை, இது என் அனுபவம். அச்சுப் புத்தகமாகக் கை மாற்றுங்கள், முதல் பக்கத்தில் பெயரும் கொடுத்த தேதியும் பென்சிலால் எழுதி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருப்பதால் திருப்பிக் கேட்கிற சங்கடமும் உங்களுக்கு இல்லை. மண்புழு உரக் கையோடு மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெரிய நாவலை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 40ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்களோ, பழைய பேருந்து டிக்கெட்டோ எதுவோ, அதை எடுத்துவிடாதீர்கள். அக்காவிடம், "எந்தப் பக்கத்துல இருந்து உங்களுக்குப் பிடிபட்டுச்சு?" என்று கேளுங்கள். சில சமயம் 60ஆம் பக்கம் என்று பதில் வரும்.

நானும் சொல்ல வேண்டும் அல்லவா? இப்போது ஒரு பழைய மாத நாவல், நடைபாதையில் 10 ரூபாய்க்கு வாங்கியது, அட்டை இல்லை. 61ஆம் பக்கத்தில் இருக்கிறேன். சித்திரை மாதம், கும்பகோணம், கதாநாயகி படித்துறையில் நிற்கிறாள், காவிரி இரு கரையும் தொட்டு ஓடுகிறதாம். சித்திரையில்! மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்களே ஐயா என்று புத்தகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.