பகாப்பதமா, பகுபதமா?

கேள்வி: 4294967297 ஒரு பகா எண் என்று ஃபெர்மா நம்பியது தவறு என்று படித்தேன். அவ்வளவு பெரிய கணித மேதை எப்படிச் சறுக்கினார்?

பதில்: 'பகா எண்' என்று எழுதினீர்களே, அதற்கு முதலில் ஒரு வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் இது 'முதன்மை எண்'. இங்கும் அப்படியே மாற்றிவிடலாம் என்று வாதாடும் நண்பர் ஒருவரோடு எனக்குப் பல வருடப் பிணக்கு. நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று வகுத்தது நன்னூல். 'உண்டான்' என்பது உண்+ட்+ஆன் என்று பிரியும், 'நீர்' பிரியாது. எண்ணும் அப்படித்தான். 12 புளியங்கொட்டைகளைச் சம வரிசைகளாக மூன்று நான்காக அடுக்கலாம். 7 கொட்டைகளை ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும். 'பகா' என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. 'முதன்மை' என்றால் எதில் முதன்மை என்று பிள்ளை கேட்கும்; அதற்குத் தனியாக ஒரு பாடம் நடத்த வேண்டும்.

பிரித்துப் பார்க்காமல் ஒரு சொல்லைப் பகாப்பதம் என்று சொல்லக் கூடாது. ஃபெர்மா விஷயத்தில் நடந்தது அதுதான். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்க, வரும் ஒவ்வொரு விடையோடும் 1 கூட்டினால் கிடைப்பவை. அடுத்த அடுக்கு 32. அதில் வருவதுதான் உங்கள் பத்து இலக்க எண். இந்த வரிசை முழுக்கப் பகா எண்களே என்று 1640-இல் அவர் கடிதம் எழுதினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தால் 116-ஆவது முறையில் எண் உடைந்திருக்கும். 1732-இல் கணித மேதை ஆய்லர்தான் உடைத்தார். இதன் வகு எண் எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் 116 முறைகூட வேண்டாம். அப்படி மீதி 1 தரும் பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தே முயற்சி.

பெரியவர் சொன்னார் என்று இந்தப் பக்கத்துக்கு வரும் கணக்கு எதையும் நான் போட்டுப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. இதையும் காகிதத்தில் போட்டேன். 4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489. ஏழு முறை போக மீதி 2. 6, 7 இறங்கும்போது ஈவில் இரண்டு பூஜ்யம். 2 இறங்கினால் 2672; நான்கு முறை, மீதி 108. 9 இறங்கினால் 1089. ஒரு முறை, மீதி மறுபடியும் அதே 448! கடைசி 7 இறங்கியதும் 4487. 641-ஐ ஏழால் பெருக்கினால் சரியாக அதுதான். ஈவு 6700417, மீதி பூஜ்யம்.