சின்ன விமானத்தில் போகலாமா, மிஸி?

தாய் சேய் கேள்வி பதில். பதில் தருபவர் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் கல்லடியிலும் 32 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக (மிட்வைஃப்) இருந்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி: அன்புள்ள மிஸி, எனக்கு இது முதல் பிள்ளை. 27 வாரம் முடிந்துவிட்டது. அடுத்த கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் தங்கச்சிக்குக் கலியாணம். பஸ்ஸில் குலுங்க வேண்டாம் என்று அண்ணா சின்ன விமானமொன்றில் போகவும் வரவும் இடம் பிடித்துத் தந்திருக்கிறார். ஒற்றை இன்ஜின், பத்துப் பன்னிரண்டு பேர்தான் ஏறலாமாம். பத்து நாள் நின்று திரும்புவேன். மாமிக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. "வயிற்றுப் பிள்ளையோடு அந்தத் தும்பியில் ஏறாதே, பஸ்ஸில் போ" என்கிறார். பிரஷர் சரி, சீனி இல்லை. கடைசி கிளினிக்கில் எச்.பி. (இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின்) 9.4. இரும்புச்சத்து மாத்திரை குமட்டுவதால் ஒழுங்காகக் குடிக்கவில்லை. நான் போகலாமா?
(கல்லடி வாசகி)

பதில்: மகள், உன் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது விமானம் இல்லை, அந்த 9.4தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

மாமியின் பயத்தைத் தட்டிவிடாதே. நானும் அந்தப் பயத்தோடு வேலை பார்த்தவள்தான். மண்டூர்ப் பக்கம் இருந்த காலத்தில் பிரசவ வலி வந்த பெண்களைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி, வாவியைத் தாண்டிக் குருமண்வெளியில் இறக்கி, களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். ஒரு மழை இரவில் நடு வாவியில் ஒருத்திக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. என் கையிலிருந்த டோர்ச்சைப் பாதைக்காரரிடம் கொடுத்துவிட்டு அவளுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். கரை தெரிகிறது, ஆனால் கிட்ட வருகிறதில்லை. கர்ப்பிணி ஒருத்தி பயணம் போகிறாள் என்றால் இன்றைக்கும் நான் முதலில் கேட்பது, வழியில் ஏதும் நடந்தால் உதவி எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்றுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு மணித்தியாலம் போல ஓடும் விமானம், ஏழெட்டு மணித்தியாலம் ஓடும் பஸ்ஸைவிட மோசமில்லை. நாலு மணித்தியாலத்துக்கு மேல் காலை அசைக்காமல் இருந்தால் கர்ப்பிணிக்குக் காலில் இரத்தம் கட்டிப்படும் ஆபத்து கூடும். மாமிக்கு இதை ஆறுதலாகச் சொல்லு.

சிக்கலில்லாத ஒற்றைப் பிள்ளை என்றால் 36 வாரம் வரைக்கும் இடைக்கிடை விமானத்தில் போகலாம் என்பதே வைத்தியர்களின் பொதுவான கருத்து. இரட்டைப் பிள்ளை என்றால் 32 வாரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் சின்ன விமானத்துக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. பெரிய விமானத்தில் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். அது எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருப்பவருக்கு 8,000 அடிக்கு மேல் போனது போல இராது. செஸ்னா கரவன் போன்ற சின்ன விமானங்களில் அந்த ஏற்பாடு கிடையாது. விமானம் எந்த உயரத்தில் போகிறதோ அந்த உயரத்துக் காற்றைத்தான் நீயும் சுவாசிப்பாய். நுவரெலியா ஏறக்குறைய 6,100 அடி. அங்கே பெண்கள் பிள்ளை சுமந்து பெறுகிறார்கள்தானே. 8,000 அடி என்றால் பீதுருதலாகலை உச்சிக்குக் கிட்ட. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் நாலில் மூன்று பங்குதான், ஒட்சிசனும் அந்தளவுக்குக் குறையும். பிள்ளையின் ஹீமோகுளோபின் தாயுடையதைவிட ஒட்சிசனை இறுகப் பிடிக்கும் தன்மை உள்ளது. அதனால் சுகமான தாய் ஒரு மணித்தியாலம் அந்த உயரத்தில் இருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

இப்போது அந்த 9.4. கர்ப்பத்தில் 11க்குக் கீழே போனாலே இரத்தச்சோகைதான். விமானம் வேண்டாம் என்று மறிக்கும் அளவுக்கு, 7.5க்குக் கீழே, நீ இறங்கவில்லை. ஆனால் மாத்திரையை விட்டுவிட்டேன் என்கிறாயே, கிளினிக் முடிந்து எத்தனை கிழமை? இப்போது எவ்வளவு என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே பயணத்துக்கு முன் ஒருதரம் இரத்தம் குத்திப் பார்த்துவிடு. எட்டரை, எட்டு என்று இறங்கியிருந்தால் நான் உன்னைத் தங்கச்சியின் கலியாணத்துக்கு ரயிலில்தான் அனுப்புவேன், மணிக்கொருதரம் எழும்பி நடக்கச் சொல்லி. மாத்திரையை இரவு படுக்கப் போகும்போது கொஞ்சம் தோடம்பழச் சாற்றோடு குடித்துப் பார், குமட்டல் குறையும். பிளேன்டீயோடு மட்டும் வேண்டாம், தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது.

போகும்போது 28 வாரம், திரும்பும்போது 30. அனேகமான விமான சேவைகள் 28 வாரத்துக்குப் பிறகு வைத்தியரின் கடிதம் கேட்கும். அதைக் கொழும்பில் போய்த் தேடி அலையாதே, இங்கேயே கிளினிக் டொக்டரிடம் எழுதி வாங்கு. எத்தனை வாரம், ஒற்றைப் பிள்ளை, பயணத்துக்குத் தடையில்லை என்று அதில் இருக்கட்டும். விமானம் எவ்வளவு உயரத்தில் போகும் என்று அண்ணாவைக் கேட்கச் சொல்லி, அதையும் டொக்டரிடம் சொல்லு. கர்ப்பிணி அட்டை உன் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் போடாதே.

சில வருடங்களுக்கு முன் நானும் அப்படியொரு விமானத்தில் போனேன், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். திமிலைதீவு விமான நிலையத்தில் ஏறுமுன் பையை மட்டும் இல்லை, ஆளையும் தராசில் நிறுத்துவார்கள். எல்லாருக்கும் முன்னால் நிறை பார்க்கிறார்களே என்று கூச்சப்படாதே, பாரத்தைச் சமப்படுத்தி இருத்துவதற்குத்தான். ஏணிப்படி ஒடுக்கமானது, யாராவது கையைப் பிடிக்கட்டும். உள்ளே கழிவறை இல்லை. உனக்கு இப்போது அரை மணிக்கொருதரம் முட்டும், ஆகவே கூப்பிடும் கடைசி நிமிடத்தில் போய்விட்டு வந்து ஏறு. இரைச்சல் பெரிது, காதுக்குப் பஞ்சாவது வேண்டும். ஒரு மணித்தியாலச் சத்தத்தால் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கேடில்லை.

பெல்ட்டை வயிற்றுக்கு மேலால் கட்டாதே. வயிற்றைக் கையால் மெல்ல மேலே தூக்கிப் பிடித்து, பட்டியை அடியால் விட்டு, இரண்டு இடுப்பெலும்பிலும் படிகிற மாதிரி இறுக்கு. தோள்பட்டி இருந்தால் அது மார்புக்கு நடுவால் வந்து வயிற்றின் ஓரத்தால் இறங்க வேண்டும். மலைநாட்டுக்கு மேலே வெயில் ஏற ஏறக் காற்றுக் கிளம்பித் தூக்கிப் போடும், காலை விமானம் என்றால் ஆட்டம் குறைவு. உயரத்தில் குடலுக்குள் இருக்கும் காற்றும் விரியும், 8,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு கூடும். முதல் நாள் இரவே கடலை, கோவா, சோடா எல்லாவற்றையும் விட்டுவிடு. காலையில் இரண்டு இடியப்பம், கொஞ்சம் சொதி போதும். வெறும் வயிற்றோடும் ஏறாதே.

அன்று காலை இரத்தம் பட்டாலும், பன்னீர் போனாலும், அடிவயிறு விட்டு விட்டு இறுகினாலும், தலையிடியோடு கண் மங்கினாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் விமான நிலையத்துக்குப் போகாதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. காசு போனால் போகட்டும், தங்கச்சி கோபிக்க மாட்டா.

கேள்வி: ஐந்தாறு வாரத்தில், பிள்ளை என்று தெரியாமல் டோஹாவிலிருந்து விமானத்தில் வந்துவிட்டேன். பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா?
(ஏறாவூர் வாசகி)

பதில்: ஒன்றும் ஆகியிராது, மகள். ஒரு பயணத்தில் உடம்பில் படும் கதிர்வீச்சு மிகச் சொற்பம், அதை நினைத்து இரவில் முழித்திருக்காதே. ஆரம்ப வாரங்களில் கரு தங்காமல் போனால், அது பெரும்பாலும் கருவிலேயே இருக்கும் கோளாறால்தான், பயணத்தால் இல்லை. உனக்கு இப்போது எத்தனை வாரம் என்று எழுதவில்லை. எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் நாளைக்கே போ, ஃபோலிக் அசிட் மாத்திரை தருவா.