வாசகர் கேள்வி, உளவியல் பதில்: மிட்டாய் வைத்துப் பார்த்தால் எதிர்காலம் தெரியுமா?

கேள்வி: என் பையனுக்கு நாலரை வயது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவன் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, "பதினைந்து நிமிஷம் தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் திரும்பி வருவதற்குள் தின்றுவிட்டான். பொறுமையாகக் காத்திருக்கும் குழந்தைகள்தான் பின்னாளில் நன்றாகப் படிப்பார்கள் என்று ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்களாமே? இரண்டு நாளாக மனசே சரியில்லை.

பதில்: கவலையை விடுங்கள். ஒரு குழந்தை ஒரு மிட்டாயைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது.

நீங்கள் கேள்விப்பட்டது வால்டர் மிஷெல் என்ற உளவியலாளரின் ஆய்வு. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த மழலையர் பள்ளியில் தொடங்கியது. யார் பெரிய ஆளாக வருவார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் நோக்கமே இல்லை. குழந்தைகள் ஆசையை எப்படி அடக்குகிறார்கள் என்று பார்க்கத்தான் சிலருக்குப் பண்டத்தை மூடி வைத்தார், சிலருக்குக் கண் முன்னாலேயே வைத்தார், சிலரிடம் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிரு என்றார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் அவர்களுடைய கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைத் தேடிப் போனார்கள். நூற்றுக்கணக்கான பேரில் 94 பேருடைய மதிப்பெண்தான் கிடைத்தது. அதிலும், பண்டம் கண்ணெதிரே இருந்து எந்த உத்தியும் சொல்லித் தரப்படாத 35 பேரிடம்தான் காத்திருந்த நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. 1990இல் வந்த கட்டுரை இது. படித்தவர்கள் நிறைந்த ஒரு வளாகத்தின் 35 குழந்தைகளை வைத்து உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஜாதகம் கணிக்கலாமா, சொல்லுங்கள்!

இன்னொன்றும் கவனியுங்கள். அதில் தெரிந்தது ஒட்டுறவு மட்டுமே. இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறுகின்றன என்றால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று அர்த்தமில்லை, இரண்டையும் பின்னாலிருந்து தூக்கிவிடும் மூன்றாவது ஒன்று இருக்கலாம். வசதியான வீட்டில், பண்டத்துக்குக் குறைவே இல்லாமல் வளரும் குழந்தைக்குக் காத்திருப்பது எளிது, அதே வீட்டில் புத்தகமும் இருக்கும், டியூஷனும் இருக்கும். 2018இல் வாட்ஸ், டங்கன், குவான் ஆகிய மூவர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை எடுத்துப் பார்த்தபோது தொடர்பு பழைய ஆய்வில் இருந்ததில் பாதி அளவுதான் இருந்தது. குடும்பப் பின்னணி, சிறுவயது அறிவுத்திறன், வீட்டுச் சூழல் இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

கேள்வி: நான் இளங்கலை உளவியல் முதலாமாண்டு. ஒட்டுறவு காரணம் ஆகாது என்றால் காரணத்தை எப்போதுதான் சொல்ல முடியும்? சாரா மாறி, சார்ந்த மாறி இரண்டும் எனக்குக் குழம்பிக்கொண்டே இருக்கிறது.

பதில்: அதே மிட்டாயை வைத்தே சொல்கிறேன். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் அவருடன் இருந்தவர்களும் 28 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்" என்று எல்லோரிடமும் சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொன்னபடி வந்தது. மற்றக் குழுவிடம் "மன்னித்துக்கொள், எங்களிடம் இல்லை" என்று வெறுங்கையோடு வந்து நின்றார்கள். ஸ்டிக்கரிலும் இதே கதை. அப்புறம்தான் மிட்டாய்ச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம்!

இங்கே ஆராய்ச்சியாளர் தன் கையால் மாற்றியது, அதாவது வாக்கைக் காப்பாற்றினாரா இல்லையா என்பது, சாரா மாறி. அதனால் மாறுகிறதா என்று அளந்தது, அதாவது காத்திருந்த நிமிடங்கள், சார்ந்த மாறி. எந்தக் குழந்தை எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலுக்கு விட்டுவிட வேண்டும், இதுதான் உயிர்நாடி. அப்போதுதான் வசதி, சுபாவம், பசி எல்லாம் இரண்டு பக்கமும் கலந்து போகும், மிச்சமிருக்கும் வித்தியாசத்துக்கு நாம் செய்த மாற்றமே காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனாலும் 28 சின்ன எண்ணிக்கை. வேறு ஊரில், வேறு ஆட்கள் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை அப்படித் திரும்பச் செய்தபோது சுமார் 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவு, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு, மறுபடி வந்தது. உளவியலை நேசிக்கும் எனக்கு அது வலித்தது, ஆனால் தன் வேலையைத் தானே சோதித்து வெளியே சொல்கிற துறை என்பதால் மரியாதை கூடியது.

கேள்வி: எங்கள் வகுப்புப் பிள்ளைகளை நானே கவனித்துக் குறிப்பு எடுத்தால் அது ஆராய்ச்சி ஆகுமா சார்? நான் ஆசிரியை.

பதில்: கட்டாயம் எடுங்கள், நல்ல கேள்விகள் பிறப்பதே அங்கேதான். ஆனால் நாம் எதிர்பார்ப்பது நம் கண்ணையும் கையையும் இழுக்கும். ராபர்ட் ரோசந்தால், ஃபோடு என்ற உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1963இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் சாதாரண எலிகளைக் கொடுத்து, சிலரிடம் "இது புத்திசாலி வம்சம்", சிலரிடம் "இது மந்தம்" என்றார்கள். புத்திசாலி என்று சொல்லப்பட்ட எலிகள்தான் நன்றாகக் கற்றுக்கொண்டதாக வந்தது. எலிக்கே இப்படி என்றால் பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். அதனால், குறிப்போடு நிற்காமல் ஒரு புது முறையில் பாடம் நடத்திப் பலனைச் சோதிக்க நினைத்தால், எந்தப் பிள்ளைக்கு அப்படி நடத்தினீர்கள் என்று தெரியாத இன்னொரு ஆசிரியரிடம் விடைத்தாளைக் கொடுத்து, பெயரை மறைத்துத் திருத்தச் சொல்லுங்கள். தொடங்கும் முன் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சம்மதம் வாங்கிவிடுங்கள், வேண்டாம் என்கிற பிள்ளையை விட்டுவிடுங்கள்.