செப்டிக் டேங்க்: வாசகர் கேள்வி-பதில்

போன மாதம்தான் லாரி வைத்து டேங்கைக் காலி செய்தோம். நாலு நாள் மழை பெய்ததும் மறுபடி நிரம்பிவிட்டது, கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்குவதே இல்லை. லாரிக்காரர் அரைகுறையாக எடுத்துவிட்டுப் போய்விட்டாரா?
- வாசகி, எர்ணாவூர்

அவர் மேல் தப்பு இருக்காது அம்மா. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் செப்டிக் டேங்கே இல்லை. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தரை போடாமல் மண்ணோடு விட்ட குழியாக இருக்கும். உங்கள் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய். மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்தத் தண்ணீர்தான் அடிவழியாகவும் உறை இடுக்கு வழியாகவும் உள்ளே வருகிறது. ராத்திரி முழுக்க யாரும் கழிவறைக்குப் போகாமல் இருந்தும் காலையில் மட்டம் ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். வெயில் காலத்தில் இதே குழி ஒழுங்காக வேலை செய்வதுபோல் தெரியும், ஏனென்றால் கழிவுநீர் அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது, அதாவது உங்கள் போர் தண்ணீரிலும் பக்கத்து வீட்டுப் போர் தண்ணீரிலும் போய்க் கலக்கிறது.

மழை விடும்வரை திரும்பத் திரும்ப லாரி கூப்பிட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள், நீங்கள் எடுக்கச் சொல்வது ஊற்றுத் தண்ணீரை. மழை நின்றதும் முதல் வேலையாக உங்கள் ஏரியா மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) டெப்போவில் போய், தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா என்று கேளுங்கள். வந்திருந்தால் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இணைப்பு கிடைத்த பிறகு பழைய குழியைக் காலி செய்து மணல் போட்டு மூடிவிடலாம். வரவில்லை என்றால் அடியிலும் பக்கத்திலும் கசியாத டேங்க் ஒன்றைக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை, அதன் மூடியும் தெருவில் மழைநீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

எங்கள் சந்து குறுகல், லாரி உள்ளே வராது. தெரிந்தவர் ஒருவர் இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து இறக்கி அள்ளித் தருகிறேன் என்கிறார். மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்களாம், அதனால் ஆபத்து இல்லை என்கிறார். செய்யலாமா?
- வாசகர், கொடுங்கையூர்

கூடாது. யார் சொன்னாலும், எவ்வளவு அவசரமானாலும் கூடாது. டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், மீத்தேன் இருக்கும், ஆக்சிஜன் போதாது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவர் அங்கேயே சுருண்டு விழுவார். மெழுகுவர்த்தி எரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம், விஷவாயு இல்லை என்று அது சொல்லாது. மீத்தேன் சேர்ந்திருந்தால் அந்தத் தீயே வெடிப்பில் முடியும். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார், அவரை இழுக்க மூன்றாமவர் இறங்குவார். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று ஒரே டேங்கில் போன செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்!

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மலக்குழி, சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. கூலி பேசிக் கூப்பிட்ட வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டியவர்தான். ஆனால் தண்டனைக்குப் பயந்து மட்டும் இதைத் தவிர்க்காதீர்கள் ஐயா, நம் வீட்டு மலத்துக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏன் சாக வேண்டும்?

லாரி சந்து முனையில் நிற்கட்டும். குழாயோடு குழாய் இணைத்து நீட்டித்தான் பல இடங்களில் எடுக்கிறார்கள், அதனால் கூப்பிடும்போதே முனையிலிருந்து டேங்க் வரை எத்தனை அடி என்று அளந்து சொல்லிவிடுங்கள். சின்ன வண்டிகளும் உண்டு. கழிவு அகற்றும் வண்டிக்கு 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். உரிமம் உள்ள வண்டிதானா, எடுத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டுகிறார்களா என்றும் விசாரியுங்கள். அடியில் கட்டியாக உறைந்திருந்தால் மேலே நின்றபடியே தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்சலாம், அதற்கும் ஆள் இறங்க வேண்டியதில்லை. ஒருவேளை எங்காவது ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காமல் உடனே 112-ஐக் கூப்பிடுங்கள். சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்புத் துறையினர்தான் இறங்கலாம்.

கதிர்வேட்டில் வீடு கட்டுகிறோம், ஐந்து பேர். பத்துக்குப் பத்து, பத்தடி ஆழம் போட்டால் ஆயுசுக்கும் எடுக்க வேண்டாம் என்கிறார் மேஸ்திரி. உண்மையா?
- வாசகர், கதிர்வேடு

எடுக்கவே வேண்டாத டேங்க் என்று ஒன்று இல்லை தம்பி. கசடு அடியில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கத்தான் வேண்டும். ஐந்து பேருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் குறைந்த அளவு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தண்ணீர் ஆழம், மேலே ஒரு அடி காலி இடம். சொந்தக்காரர்கள் வந்து போவார்கள் என்றால் பத்துப் பேர் கணக்கில் இரண்டு மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம் என்று போடுங்கள், போதும். அளவை விட அமைப்புதான் முக்கியம். இரண்டு அறை, முதல் அறை இரண்டாவதைப் போல் இரண்டு மடங்கு. உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் T வடிவ இணைப்பு (டீ) வைத்து, மேலே மிதக்கும் ஏடு வெளியேறாமல் தடுக்க வேண்டும். காற்றுக் குழாயை உயரமாக ஏற்றி முனையில் கொசுவலை கட்டுங்கள்.

நான் பிடிவாதமாகச் சொல்வது மூடியைப் பற்றி. இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி வேண்டும், அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மறைக்கக் கூடாது, வாசலிலிருந்து லாரிக் குழாய் நேராக எட்ட வேண்டும். இந்த மூன்றையும் இன்று விட்டுவிட்டால் நாளைக்கு யாராவது ஒருவரை உள்ளே இறக்கும் நிலைமை வரும். வெளியே போகும் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி போடுவதாக இருந்தால் குடிநீர்க் கிணறு, போரிலிருந்து 18 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். நிலத்தடி நீர் ஆறடிக்குள் நிற்கும் இடத்தில் உறிஞ்சுகுழி உதவாது. ஃபைபர் டேங்க் வாங்கிப் புதைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மழைக்காலத்தில் அதைக் காலியாக விட்டால் நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும், குழாய் இணைப்பெல்லாம் முறியும். கான்கிரீட் போட்டுக் கட்டிப் பிடிக்க வேண்டும், கசடு எடுத்த கையோடு தண்ணீரும் நிரப்ப வேண்டும்.

பாக்டீரியா பவுடர், ஈஸ்ட், வெல்லம் போட்டால் லாரியே தேவையில்லையாமே?
- வாசகி, தண்டையார்பேட்டை

தேவையான பாக்டீரியா மலத்திலேயே இருக்கிறது. எதைப் போட்டாலும் கசடு எடுக்கும் வேலை மிச்சமாகாது. அதைவிட, ஆசிட், பினாயிலை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், நாப்கினையும் டயப்பரையும் கழிவறையில் போடாதீர்கள்.

மணலியில் மெஸ் நடத்துகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டேங்க் அடைக்கிறது.
- வாசகர், மணலி

எண்ணெய்தான் காரணம். பாத்திரம் கழுவும் தண்ணீர் சூடாக இருக்கும்போது எண்ணெய் ஓடிவிடும், ஆறியதும் குழாயிலும் டேங்கிலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சமையலறைத் தண்ணீர் டேங்குக்குப் போகாமல் தனியாகத் திருப்பி, வழியில் ஒரு எண்ணெய்ப் பொறித் தொட்டி கட்டுங்கள். தண்ணீர் ஆறி நிற்க இடம் கிடைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும், வாராவாரம் வழித்து எடுத்துவிடலாம். தட்டில் மிஞ்சிய குழம்பையும் சோற்றையும் கழுவுவதற்கு முன்பே வாளியில் தட்டச் சொல்லுங்கள், பொரித்த எண்ணெயைக் கேனில் சேர்த்து, வாங்குபவர்களிடம் கொடுங்கள். வீட்டு அளவுக்குக் கட்டிய டேங்கில் ஐம்பது பேர் சாப்பிட்டுப் போகும் மெஸ்ஸை ஓட்டினால் இவ்வளவும் செய்தும் அடைக்கத்தான் செய்யும், அப்படியானால் டேங்கையே ஆள் கணக்குப் பார்த்துப் பெரிதாக மாற்றுங்கள்.